குறைவாகப் பேசுகிறவருக்கு எந்த ரீசார்ஜ்? அம்மாவின் பட்டன் போனும் ஓடிபி சிம்மும்

கேள்வி இது: "பட்டுக்கோட்டை பக்கம் கிராமத்தில் அம்மா இருக்கிறார். பட்டன் போன்தான். எங்களோடும் சித்தியோடும் பேசுவதைத் தவிர அதில் வேறு எதுவும் செய்யமாட்டார். மாதாமாதம் ஏர்டெல்லுக்கு 199 ரூபாய் போடுகிறோம். அதில் வரும் 2 ஜிபி நெட்டை யாரும் தொடுவதே இல்லை. என் போனிலும் இரண்டாவது சிம் ஒன்று வங்கி ஓடிபிக்காக மட்டும் கிடக்கிறது. இரண்டுக்கும் மலிவான ப்ரீபெய்டு பிளான் எது?"

நேரம் இல்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு அதே கம்பெனியிலேயே நெட் இல்லாத, பேச்சுக்கு மட்டுமான 84 நாள் பேக்கோ வருஷப் பேக்கோ போடுங்கள். வீட்டுக்குள் பிஎஸ்என்எல் சிக்னல் நன்றாகக் கிடைத்தால் அதற்கு மாறுவது இன்னும் மலிவு. உங்கள் ஓடிபி சிம்மை யோசிக்காமல் பிஎஸ்என்எல்லுக்கு மாற்றலாம். இனி ஏன், எப்படி, எங்கே மாட்டிக்கொள்வீர்கள் என்பது. நான் சொல்லும் விலைகள் 2025-ல் இருந்தவை. இவை அடிக்கடி மாறும் என்பதால், பணம் கட்டும் அன்று கம்பெனி ஆப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குறைவாகப் பயன்படுத்துகிறவர் ரீசார்ஜ் கடையில் செய்யும் முதல் தப்பு, "எத்தனை ஜிபி, எவ்வளவு பேசலாம்" என்று பார்ப்பது. உங்கள் அம்மா ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் பேசினாலும் அன்லிமிடெட் பேக்தான், பத்து மணி நேரம் பேசினாலும் அதே பேக்தான். அவருக்கு வேண்டியது எண் உயிரோடு இருக்க வேண்டும், மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். அதாவது நீங்கள் வாங்குவது நாட்களை. சிம்முக்கு வாடகை கட்டுகிறீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எந்த பிளானைப் பார்த்தாலும் விலையை வேலிடிட்டி நாட்களால் வகுத்து, ஒரு நாள் வாடகை எவ்வளவு என்று பாருங்கள். வேறு எந்த எண்ணும் இரண்டாம் பட்சம்.

199-ஐ 28-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 7 ரூபாய் 11 காசு. 28 நாள் என்பது மாதம் இல்லை, நான்கு வாரம். எனவே வருஷத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை போட வேண்டும்: 2,587 ரூபாய். மாதம் 199 என்று மனசில் கணக்கு வைத்திருக்கிற பலர் 2,388 என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். இந்த 28 நாள் விளையாட்டைப் பற்றிப் புகார்கள் குவிந்த பிறகு, 2022 ஜனவரியில், தொலைபேசிக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் அமைப்பான டிராய் ஓர் உத்தரவு போட்டது. ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பேக் ஒன்றாவது வைத்திருக்க வேண்டும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றும் வைத்திருக்க வேண்டும் என்று. வைத்தார்கள். ஆனால் கடையில் நீட்டுவது இன்னும் 28-தான்.

இந்த 199 எங்கிருந்து வந்தது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே சிம்மை ஒரு காலத்தில் காசே போடாமல் வைத்திருந்தோம். 2003 மே முதல் இன்கமிங் இலவசமானது. 2006 வாக்கில் லைஃப்டைம் சிம் வந்தது. ஒருமுறை பணம் கட்டிவிட்டு, பத்து ரூபாய் டாப்-அப் போட்டு மிஸ்டு கால் கொடுத்தே காலத்தை ஓட்டியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. விலைப் போரில் சின்னக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. நம் ஊரில் கொடிகட்டிப் பறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் சிக்னலை இழந்து, லட்சக்கணக்கானவர்கள் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற முடியாமல் தவித்ததை இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். போட்டி குறைந்ததும், 2018 கடைசியில் ஏர்டெல்லும் வோடபோன் ஐடியாவும் "மாதம் குறைந்தது 35 ரூபாய் போடாவிட்டால் சேவை கிடையாது" என்றன. 2019 டிசம்பரில் ஏர்டெல்லின் அந்த அடிமட்டம் 45 ஆனது. 2021-ல் முதலில் 79, பிறகு 99. 2022 இறுதியில் தொடங்கி 2023-க்குள் ஒவ்வொரு பகுதியாக 155. 2024 ஜூலையில் 199. ஆறு வருஷத்துக்குள் 35 ரூபாய் 199 ஆகிவிட்டது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் சராசரியாக 300 ரூபாய்க்கு மேல் வந்தால்தான் தொழில் நிலைக்கும் என்று அந்த உயர்வின்போது ஏர்டெல் வெளிப்படையாகவே சொன்னது. சராசரியை ஏற்ற வேண்டுமென்றால் கீழே இருப்பவரைத்தான் தூக்க வேண்டும். ஆக, குறைவாகப் பேசுகிற உங்கள் அம்மாதான் அவர்களுக்குக் கணக்கை இழுக்கிற ஆள்.

சரி, நெட் வேண்டாதவரிடம் நெட்டுக்கும் சேர்த்துக் காசு வாங்குவது நியாயமா என்ற கேள்வி டிராய் வரை போனது. 2024 டிசம்பர் 23 அன்று அது விதியைத் திருத்தியது: பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றையாவது எல்லாக் கம்பெனியும் விற்க வேண்டும், இந்தச் சிறப்பு வவுச்சர்களுக்கு 90 நாளாக இருந்த வேலிடிட்டி உச்சவரம்பை 365 நாள் வரை நீட்டலாம். 2025 ஜனவரியில் பேக்குகள் வந்தன. ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849. வி-யில் (வோடபோன் ஐடியாவின் இப்போதைய பெயர்) 84 நாளுக்கு 470, 365 நாளுக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. எல்லாவற்றிலும் பேச்சு அன்லிமிடெட். எஸ்எம்எஸ் 84 நாள் பேக்கில் சுமார் ஆயிரம், வருஷப் பேக்கில் 3,600. ஏர்டெல் முதலில் 499, 1,959 என்று அறிவித்து, டிராய் இந்தப் பேக்குகளை ஆராயப்போகிறது என்று தெரிந்த பிறகுதான் 469, 1,849-க்கு இறங்கியது. ஜியோ 458, 1,958 என்று தொடங்கி இறங்கியது; ஆனால் இறங்கும்போது வருஷப் பேக்கின் வேலிடிட்டியும் 365-இல் இருந்து 336 ஆனது. 336 என்பது பன்னிரண்டு 28. இதை "வருஷப் பேக்" என்று நம்பி வாங்கினால் கடைசி 29 நாள் கையைக் கடிக்கும்.

இந்தப் பேக்குகளைப் பார்த்து "ஆஹா, நெட்டை எடுத்துவிட்டால் பாதி விலை" என்று எண்ணிவிடாதீர்கள். 2024 ஜூலைக்குப் பிறகு ஏர்டெல்லில் 84 நாளும் 6 ஜிபி நெட்டும் சேர்த்து 509 ரூபாய் இருந்தது. நெட்டை முழுக்க எடுத்துவிட்டு 469. அதாவது தள்ளுபடி 40 ரூபாய். மாதத்துக்கு 15 ரூபாய்கூட இல்லை. விதியை மதித்தார்கள், விதியின் நோக்கத்தை மதிக்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

அப்படியிருந்தும் இதற்கு மாறச் சொல்வது ஏன்? மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. 469 ரூபாய் பேக் ஒரு நாளைக்கு 5 ரூபாய் 58 காசு. வருஷத்துக்கு ஏறத்தாழ 2,040. 2,587-இல் இருந்து 550 ரூபாய் குறைகிறது. அந்த 550-இல் நெட்டை விட்டதால் கிடைத்தது சுமார் 175-தான். மீதி 375 ரூபாய், 28 நாளுக்குப் பதில் 84 நாள் போட்டதால் மட்டுமே கிடைத்தது. வருஷப் பேக் 1,849 என்றால் நாளைக்கு 5 ரூபாய் 7 காசு. 199-ஐ 13 முறை போடுவதோடு ஒப்பிட்டால் 738 ரூபாய் மிச்சம். அதனால்தான் நாள் கணக்கைப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஜியோவின் 1,748-ஐ நாளால் வகுத்தால் 5 ரூபாய் 20 காசு. விலை குறைவாகத் தெரிந்தாலும் ஏர்டெல், வி-யைவிட நாள் வாடகை கூடுதல்.

வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு: நடுவில் விலை ஏறினால் உங்களைத் தொடாது. 2024 ஜூலை 3-க்கு முந்தைய நாட்களில் பலர் ஓடி ஓடி வருஷப் பேக் போட்டது அதனால்தான். நஷ்டம் என்னவென்றால், நடுவில் கம்பெனி மாறினால் மீதி நாட்களுக்குக் காசு திரும்ப வராது. சிக்னல் நிச்சயமாகத் தெரிந்த, மாறவே போவதில்லை என்ற இடத்தில் வருஷப் பேக். சந்தேகம் இருந்தால் 84 நாள். வயதானவர்களுக்கு நான் 28 நாள் பேக்கை எப்போதுமே பரிந்துரைப்பதில்லை. அது விலைக்காக மட்டும் இல்லை. பேக் முடிந்தது அவர்களுக்குத் தெரியாது. "கால் போகவில்லை, போன் ரிப்பேர்" என்று பேசாமல் இருந்துவிடுவார்கள். வருஷத்தில் 13 முறை அந்த அபாயம் வருவதும் ஒருமுறை வருவதும் ஒன்றல்ல.

இனி பிஎஸ்என்எல். நாள் வாடகையில் தனியார் கம்பெனிகளின் மேலே சொன்ன பேக்குகளைவிட இது மலிவு. 1,198 ரூபாய்க்கு 365 நாள். மாதம் 300 நிமிஷப் பேச்சு, 3 ஜிபி நெட், 30 எஸ்எம்எஸ். நாளைக்கு 3 ரூபாய் 28 காசு, மாதத்துக்கு நூறு ரூபாய்க்குள். இது அன்லிமிடெட் இல்லை, மாதம் 300 நிமிஷம்தான் என்பதை மட்டும் கவனியுங்கள். நாளைக்குப் பத்து நிமிஷம். கேட்கக் கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் இந்த 300 நிமிஷம் அவுட்கோயிங்குக்கு மட்டும். இன்கமிங் எவ்வளவு வந்தாலும் கழியாது. உங்களிடம் எப்படியும் அன்லிமிடெட் பேக் இருக்கும். அம்மா மிஸ்டு கால் கொடுக்கட்டும், நீங்கள் திருப்பிக் கூப்பிடுங்கள். பழைய வழக்கம்தானே! சித்தியோடு தினமும் முக்கால் மணி நேரம் அம்மாதான் கூப்பிட்டுப் பேசுகிறார் என்றால் இந்தப் பேக் ஒத்துவராது. அப்போது 439 ரூபாய் பேக்கைப் பாருங்கள்: 90 நாள், அன்லிமிடெட் பேச்சு, 300 எஸ்எம்எஸ், நெட் கிடையாது. நாளைக்கு 4 ரூபாய் 88 காசு.

ஆனால் பிஎஸ்என்எல்லின் விலைப் பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. தனியார்கள் விலையை ஏற்றினால் ஊரே பேசும்; பிஎஸ்என்எல் விலையை அப்படியே வைத்துவிட்டு நாளைக் குறைக்கும், யாருக்கும் தெரியாது. 107 ரூபாய் பேக் 35 நாளாக இருந்தது, 28 ஆனது. 197 ரூபாய் பேக் 70 நாளாக இருந்தது, 54 ஆனது. இதுவும் விலையேற்றம்தான். பழைய யூடியூப் வீடியோவில் சொன்ன நாளை வைத்து அந்தப் பேக்கை வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இன்னொரு நுணுக்கம்: வேலிடிட்டி வேறு, பலன் வேறு. 197 ரூபாய் போன்ற பேக்குகளில் இலவசப் பேச்சும் நெட்டும் முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு மீதி நாட்களுக்கு எண் உயிரோடு இருக்கும், இன்கமிங் வரும். நீங்கள் யாரையாவது கூப்பிட்டால் மெயின் பேலன்ஸில் இருந்து கழியும். நிறையப் பேசுகிறவருக்கு இது பொறி. உங்கள் ஓடிபி சிம்முக்கோ இதுவே வரம். ஓடிபி என்பது இன்கமிங் எஸ்எம்எஸ். அதற்குக் காசு கிடையாது. எண் உயிரோடு இருந்தாலே போதும். அந்தச் சிம்முக்கு நாள் வாடகை எது குறைவோ அதைப் போடுங்கள். 2025 விலைக் கணக்கில், இங்கே சொன்னவற்றில் 1,198 பேக்தான் நாளுக்கு மலிவு. ஒரே தடவையில் அவ்வளவு கட்ட மனமில்லை என்றால், 197 மாதிரி நீள வேலிடிட்டிப் பேக்கை அன்றைய நாள் எண்ணிக்கையைப் பார்த்துப் போடுங்கள்.

ஒரே ஒரு விஷயம். ஜிபே, போன்பே போன்றவற்றைப் புதிதாகத் தொடங்கும்போது உங்கள் போனில் இருந்து ஓர் எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை, மெயின் பேலன்ஸும் பூஜ்யம் என்றால் பதிவு நடக்காது; காரணம் புரியாமல் வங்கியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். பிஎஸ்என்எல்லின் 99 ரூபாய் பேச்சுப் பேக்கில் எஸ்எம்எஸ் கிடையாது. இப்படிப்பட்ட சிம்மில் பத்து ரூபாய் டாப்-அப் ஒன்று போட்டு வையுங்கள். வரி போகக் கையில் நிற்பது 7 ரூபாய் 47 காசு. இரண்டொரு எஸ்எம்எஸ்ஸுக்கு அது தாராளம்.

ஓடிபி சிம்மைப் பற்றிப் பேசும்போது, "20 ரூபாய் இருந்தால் சிம் நாலு மாசம் ஓடும்" என்ற செய்தியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2025 ஜனவரியில் இது புது விதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. இது புதிதே இல்லை, 2013-ல் டிராய் கொண்டுவந்தது. அது சொல்வது இவ்வளவுதான்: 90 நாள் வரை ஒரு சிம்மை எதற்கும் பயன்படுத்தாமல் இருந்தாலும் அந்தக் காரணத்துக்காக இணைப்பைத் துண்டிக்கக் கூடாது, 90 நாளுக்குப் பிறகு, பேலன்ஸில் 20 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், அதிலிருந்து 20 கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை விட்டுவைக்க வேண்டும், பேலன்ஸ் இருக்கும் வரை இப்படியே நீளும், எண் துண்டிக்கப்பட்டாலும் 15 நாளுக்குள் கேட்டு மீட்டுக்கொள்ளலாம். இது எண்ணை உங்கள் பெயரில் நிறுத்திவைப்பதற்கான விதி. பேக் முடிந்த பிறகும் சேவை தர வேண்டும் என்று இதில் எங்கும் இல்லை. தனியார் கம்பெனிகளில் பேக் முடிந்தால் அவுட்கோயிங் உடனே நின்றுவிடும். சில நாள் கழித்து இன்கமிங்கும் நிற்கும். எண் உங்கள் பெயரில்தான் இருக்கும், ஓடிபி மட்டும் வராது. எனவே 20 ரூபாயை நம்பி வங்கி எண்ணை விட்டுவிடாதீர்கள்.

விட்டுவிட்டால் என்ன ஆகும்? துண்டித்த எண்ணை 90 நாளுக்குள் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று 2023-ல் டிராய் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. 90 நாள் கழித்து? அந்த எண் யாரோ ஒருவருக்குப் போய்விடும். உங்கள் வங்கி ஓடிபி அவர் போனில் வரும். இதனாலேயே, கைமாறிய எண்களை யுபிஐ பதிவிலிருந்து நீக்கும்படி வங்கிகளையும் ஆப்களையும் யுபிஐயை நடத்துகிற என்பிசிஐ 2025 ஏப்ரல் முதல் கட்டாயப்படுத்தியது. அந்த இரண்டாவது சிம் உங்களுக்கு உண்மையிலேயே வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். வங்கியில் எண்ணை மாற்ற அரை நாள் அலைய வேண்டும், உண்மைதான். ஆனால் மாற்றிவிட்டால் அந்த வாடகையே கிடையாது. எல்லா பிளானையும்விட மலிவு அதுதான். மாற்றிய பிறகு ஆதார், கேஸ், பிஎஃப், வருமான வரி என்று வேறு எங்கெல்லாம் பழைய எண் கிடக்கிறது என்று பார்த்துவிட்டே சிம்மை விடுங்கள்.

அம்மாவின் பக்கம் திரும்பலாம். பிஎஸ்என்எல்லுக்கு மாறுவதற்கு முன் சிக்னலைச் சோதிக்காமல் இறங்காதீர்கள். தெருவில் சிக்னல் இருப்பது போதாது. அம்மா உட்கார்ந்து பேசுகிற திண்ணையிலும் அடுக்களையிலும் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டில் பிஎஸ்என்எல் வைத்திருப்பவரைக் கேளுங்கள். கரண்ட் போனால் டவர் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறது என்பதையும் கேளுங்கள். கிராமத்தில் இந்தக் கேள்விதான் முக்கியம். கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் சிக்னல் வரைபடம் போட வேண்டும் என்று டிராய் சொல்லி, அவையும் போட்டிருக்கின்றன. பார்க்கலாம். ஆனால் அந்த வரைபடத்துக்கு உங்கள் வீட்டுச் சுவர் தெரியாது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு பிஎஸ்என்எல் சிம்மை உங்கள் போனில் போட்டு எடுத்துச் சென்று வீடு முழுக்க நடந்து பாருங்கள். 2025 செப்டம்பரில் உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் 4ஜியைப் பெரிய அளவில் தொடங்கிய பிறகு பல ஊர்களில் நிலைமை தேறியிருக்கிறது, எல்லா ஊரிலும் இல்லை.

போனையும் பாருங்கள். அம்மாவின் பட்டன் போன் பழைய 2ஜி போனாக இருந்தால் ஜியோ அதில் வேலையே செய்யாது. ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. ஏர்டெல், வி, பிஎஸ்என்எல் ஆகியவற்றின் 2ஜி அதில் ஓடும். புதுப் பட்டன் போன் வாங்குவதாக இருந்தால் 4ஜி போனாக வாங்குங்கள். இந்த இடத்தில் ஜியோபாரத் போன் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2023 ஜூலையில் 999 ரூபாய்க்கு வந்த 4ஜி பட்டன் போன். அதற்கென்றே தனி பிளான்: 28 நாளுக்கு 123 ரூபாய், 336 நாளுக்கு 1,234. அன்லிமிடெட் பேச்சு, நாளைக்கு அரை ஜிபி நெட். வருஷ பிளானில் நாள் வாடகை 3 ரூபாய் 67 காசு. ஜியோவே நெட் இல்லாமல் விற்கிற பேக்கைவிட இது மலிவு என்பது வேடிக்கை. காரணம், அந்த பிளான் அந்தப் போனில் மட்டும்தான். அந்தப் போனில் ஜியோ சிம் மட்டும்தான். சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் பிளான் இல்லை. ஊரில் ஜியோ சிக்னல்தான் பலம், அம்மாவின் போனும் பழசாகிவிட்டது என்றால் யோசிக்கலாம். போன் விலையையும் சேர்த்தால் முதல் வருஷம் மிச்சம் பெரிதாக இருக்காது, இரண்டாம் வருஷம் முதல் தெரியும். ஆனால் புதுப் போனின் பட்டனும் மெனுவும் அம்மாவுக்குப் பழகுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பழகிய போனை மாற்றி அவர் யாருக்கும் போன் செய்யாமல் போனால், மிச்சம் பிடித்து என்ன பயன்?

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றுவதைத்தான் போர்ட் என்கிறார்கள். அதைச் செய்யும் முறை எளிது. போர்ட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, இடைவெளி விட்டு, பத்து இலக்க எண்ணைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். பேக்கில் எஸ்எம்எஸ் இல்லை என்று இதைத் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டிருக்கிறது. குறியீட்டோடு புதுக் கம்பெனியின் கடைக்குப் போனால், தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறும்போது மூன்று வேலை நாளுக்குள் முடிந்துவிடும். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். தொலைந்த சிம்முக்கு மாற்றுச் சிம் வாங்கியிருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டும். மாறிய பிறகு பிடிக்கவில்லை என்றாலும் 90 நாளுக்குத் திரும்ப முடியாது. சிக்னலை முதலில் பாருங்கள் என்று சொன்னது அதனால்தான். இருக்கிற பேக் முடிகிற வாரத்தில் போர்ட் போடுங்கள்; முன்னதாகப் போட்டால் மீதி நாளும் பேலன்ஸும் போய்விடும்.

கிராமத்தில் போர்ட் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சிக்னலில் இல்லை, பெயரில். அந்தச் சிம் யார் பெயரில் இருக்கிறது? காலமான அப்பாவின் பெயரில் இருக்கும். இல்லை, பத்து வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்த மாமா மகன் பெயரில் இருக்கும். சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு வர வேண்டும். அப்பா பெயரில் இருந்தால், இப்போதைய கம்பெனியிலேயே வாரிசு ஆவணத்தைக் கொடுத்து முதலில் அம்மா பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு போர்ட் போடுங்கள். போர்ட் போடாவிட்டாலும் இதைச் செய்துவிடுவது நல்லது. ஓய்வூதியமும் கேஸும் ஓடுகிற எண் வேறொருவர் பெயரில் இருப்பது என்றைக்கு இருந்தாலும் தலைவலி. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒருவர் பெயரில் ஒன்பது வரை அனுமதி. தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

ரீசார்ஜ் செய்யும் இடத்திலும் சில்லறை போகும். சில பணம் கட்டும் ஆப்கள் ரீசார்ஜுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடுதலாகப் பிடிக்கும். கம்பெனியின் சொந்த ஆப்பில் அது இல்லை. பேச்சுக்கு மட்டுமான பேக்குகளை முதல் பக்கத்தில் காட்டமாட்டார்கள். தேடிப் போக வேண்டும். விலையைத் தெரிந்துகொண்டு அந்தத் தொகையை நேராக டைப் செய்வதே சுலபம். கடையில் போட்டால், "469, நெட் இல்லாதது, 84 நாள்" என்று மூன்றையும் சொல்லுங்கள். வெறுமனே "அம்மாவுக்கு ஒரு பேக் போடுங்க" என்றால் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். உங்கள் ஓடிபி சிம் டச் போனில் இருப்பதால், அதில் மொபைல் டேட்டா இன்னொரு சிம்முக்குத் தாவும் வசதியை அணைத்துவிடுங்கள். நெட் பேக் இல்லாத சிம்மில் டேட்டா ஓடினால் அந்தப் பத்து ரூபாய் டாப்-அப் ஒரே நாளில் காலி.

அம்மாவின் இப்போதைய பேக் முடிகிற தேதியை முதலில் பாருங்கள். அதற்குள் ஊருக்குப் போகிற வாய்ப்பு இருந்தால் பிஎஸ்என்எல் சோதனை. இல்லாவிட்டால் இந்த முறைக்கு 469 போட்டுவிட்டு, அந்த 84 நாளுக்குள் நிதானமாக முடிவு செய்யுங்கள். பேக் முடியப்போகிறது என்ற எஸ்எம்எஸ் அம்மாவின் போனுக்குத்தான் போகும். அதை அவர் திறந்துகூடப் பார்க்கமாட்டார். எனவே முடியும் தேதிக்கு மூன்று நாள் முன்பாக உங்கள் போனில் நினைவூட்டல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.